இழுத்துப் பூட்டாதீர்கள்: வீட்டில் கட்டும் காரும் அதன் பைபர் உடலும்

(கிருலப்பனையில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவர் வாடகைக்கு எடுத்த கொட்டிலில் இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து ஒரு காருக்கான செசியைக் கட்டி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஏறிவிட்டது. நான்கு சில்லுகளும் பூட்டியாயிற்று. சுவரோரமாகப் பைபர்கிளாஸ் பனல்கள் நிற்கின்றன: முன் மூக்கு, பொனெற், மட்கார்ட்கள், கதவுகள், பின்பகுதி. இனி அவற்றைச் செசியில் பூட்டவேண்டும். அவ்வளவுதானே, ஒரு சனி ஞாயிறு போதுமே என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

இன்று என் பேச்சு முழுவதும் அந்த வேலையைப் பற்றித்தான். சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பனலின் துளையும் செசியின் துளையும் நேருக்கு நேர் வரவில்லை என்றால் பனலை இழுத்துப் பிடித்து போல்ட்டை முறுக்காதீர்கள். பூட்டுகிற நாளில் நாம் திணிக்கிற இழுவிசை பனலுக்குள்ளேயே தங்கிவிடும். ஆறு மாதத்திலோ இரண்டு வருடத்திலோ அது வெடிப்பாக வெளியே வரும். ஏன் அப்படி, அதைத் தவிர்க்க என்ன செய்யவேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இதைப் பேசக் கிருலப்பனையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஹைலெவல் வீதி வழியாக நாள் முழுதும் வாகனங்கள் போகின்றன. பக்கத்திலே நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இருக்கிறது. பழைய உதிரிப்பாகம் வேண்டுமென்றால் மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தைக்குப் போனால் கிடைக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் இருக்கிற வாகனத்தை வைத்துக் காலம் தள்ள இந்த நகரம் பழகிக்கொண்டது. தானே ஒன்றைக் கட்டலாமா என்று கேட்கிற இளைஞர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். பைபர்கிளாஸ் என்பது இரண்டு பொருள்களின் கூட்டு. மயிரைவிட மெல்லியதாக இழுத்த கண்ணாடி இழை ஒன்று. அந்த இழையை நனைத்து இறுகிப்போகும் பொலியெஸ்டர் ரெசின் மற்றது. இழையை நறுக்கிப் பரப்பிப் பாய் போல ஆக்கியிருப்பார்கள். கடையில் அதை மெட் என்றே கேட்டு வாங்குகிறோம். ஒரு சதுர மீற்றருக்கு 300 கிராம், 450 கிராம் என்ற எடையில் அது வரும். கையால் ரெசின் பூசி உருளையால் அழுத்தினால், 450 கிராம் மெட் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பாகும். மூன்று அடுக்குப் போட்டால் ஒரு கார் பனலுக்கு வேண்டிய 3 மில்லிமீற்றர் கிடைத்துவிடும்.

இந்தப் பொருளைப் பலர் மலிவுப் பொருள் என்று இளக்காரமாகப் பார்க்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு கார் கதவின் இரும்புத் தகடு 0.8 மில்லிமீற்றர் இருக்கும். அது ஒரு சதுர மீற்றருக்கு 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 3 மில்லிமீற்றர் பைபர் பனல் 4.5 கிலோவுக்குள் அடங்கும். பொருள் என்ற அளவில் இரும்பின் விறைப்பு பைபரின் விறைப்பைப்போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல்தான். ஆனால் வளைவை எதிர்ப்பதில் தடிப்புக்கு மும்மடிப் பலன் உண்டு. தடிப்பு இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கையால் வளைத்துப் பார்த்தால், எடை குறைந்த பைபர் பனல்தான் கூடுதலாக எதிர்த்து நிற்கும். உப்புக் காற்றில் துருப்பிடிக்காது. வெள்ளவத்தையில் கடற்கரை ஒழுங்கைகளில் கார் நிறுத்துகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் இரும்பிடம் உள்ள ஒரு குணம் பைபரிடம் இல்லை. இரும்புத் தகட்டை ஓரளவுக்கு மேல் வளைத்தால் அது வளைந்த நிலையிலேயே நின்றுவிடும். ரிங்கர் வேலை செய்யும் பாஸ்மாரின் தொழில் முழுவதும் இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது. சுத்தியலால் தட்டினால் தகடு கொஞ்சம் நீளும், நீண்டபடியே அமையும். துளை இரண்டு மில்லிமீற்றர் தள்ளியிருந்தால் இழுத்துப் பூட்டுவார்கள். தகடு இணங்கிப் போய்விடும். பைபர் இணங்காது. விட்ட கணமே பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். திரும்பவிடாமல் போல்ட் பிடித்துக்கொண்டிருந்தால், பகலும் இரவும் அந்த போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். வீதிப் பள்ளங்களின் குலுக்கலும் வெயிலின் சூடும் அதோடு சேரும். கடைசியில் ரெசின் விரிசல் விடும். முதலில் மேற்பூச்சான ஜெல்கோட்டில் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல மெல்லிய கீறல்கள் தோன்றும். பெயின்ட் சரியில்லை என்று பெயின்டரிடம் சண்டைக்குப் போவோம். பிழை பெயின்டில் இல்லை. பூட்டிய விதத்தில் இருக்கிறது.

உலகம் இதைக் கற்றுக்கொண்ட வரலாறு நமக்குப் பயன்படும். அமெரிக்காவில் 1953இல் ஃபிளின்ட் நகரில் செவ்ரோலெட் நிறுவனம் கொர்வெட் காரைப் பைபர் உடலோடு செய்யத் தொடங்கியது. அந்த முதல் வருடம் செய்தது 300 கார்கள் மட்டுமே, பெரும்பகுதி கைவேலையாக. 1957இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் எலீட் என்ற காரில் இன்னும் துணிந்தது: தனிச் செசியே இல்லாமல் பைபர் உடலையே சட்டகமாக்கிவிட்டது. அங்கேயும் சஸ்பென்ஷன் பூட்டும் இடங்களில் பைபருக்குள் இரும்பைப் புதைத்துத்தான் சமாளித்தார்கள்.

நம் விஷயத்துக்கு மிக நெருக்கமான மனிதர் கலிபோர்னியாவின் புரூஸ் மேயர்ஸ். படகு கட்டும் தொழிலில் பைபர் வேலை பழகியவர். 1964இல் கடற்கரை மணலில் ஓட்டுவதற்கென மேயர்ஸ் மேங்ஸ் என்ற சிறு வாகனத்தைச் செய்தார். முதல் 12 வண்டிகளுக்கும் பைபர் உடலே சட்டகம். செலவு கட்டுப்படியாகவில்லை. பிறகு வோக்ஸ்வாகன் பீட்டிலின் அடிச்சட்டத்தை வெட்டிக் குறுக்கி, அதன் மேல் பைபர் உடலை போல்ட்டால் பூட்டும் முறைக்கு மாறினார். சுமை இரும்புக்கு, வடிவம் பைபருக்கு என்று வேலையைப் பிரித்ததும் சாதாரண மக்கள் வீட்டிலேயே அதைக் கட்டத் தொடங்கினார்கள். 5,000க்கும் மேற்பட்ட கிட்கள் விற்பனையாயின. இங்கிலாந்தில் முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் காருக்கு இருக்கவில்லை. 1973இல் வற் வரி வரும்வரை அந்தச் சலுகை அங்கே ஒரு தலைமுறையையே கார் கட்ட வைத்தது. பெங்களூரில் சிபானி நிறுவனம் 1980களில் டொல்பின் என்ற பைபர் உடல் காரைச் செய்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் அதன் மூலம்.

மேயர்ஸ் படகுத் துறையிலிருந்து வந்தவர் என்றேனல்லவா? நம்மிடம் அந்தத் துறை இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சீநோர் திட்டம் காரைநகரில் படகு கட்டும் தளம் ஒன்றை அமைத்தது. பைபர் வள்ளம் கட்டும் கைத்திறன் நம் மக்களிடம் வேரூன்றிய இடங்களில் அது முக்கியமானது. இன்று இலங்கையின் எந்தக் கரைக்குப் போனாலும், பின்னால் இயந்திரம் பூட்டிய பைபர் வள்ளம் மணலில் ஏறிக் கிடக்கும். அதைக் கட்டியவருக்கு அச்சு எடுக்கத் தெரியும், ரெசின் கலக்கத் தெரியும், எந்த இடத்தில் அடுக்குக் கூட்டவேண்டும் என்றும் தெரியும். 2004 சுனாமிக்குப் பின் அவசரத்தில் கட்டிக் கொடுத்த வள்ளங்கள் பலவற்றின் தரக்குறைவை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் சுட்டிக்காட்டியது. அவசரம் பைபருக்கு ஆகாது என்பதற்கு நம் கரையிலேயே கிடைத்த பாடம் அது.

இனி வேலைக்கு வருவோம்.

பனலைத் தொடுமுன் செசியை அளக்கவேண்டும். மட்டமான தரையில் நிறுத்தி மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் செசி சதுரமாக இருக்கிறது. வராவிட்டால் பனல் வேலையைத் தொடங்கவே கூடாது. செசியின் கோணலைப் பனல் ஒருநாளும் நிமிர்த்தாது; கோணலைத் தன் தோளில் வாங்கி வெடிக்கும். அடுத்தது, ஸ்டாண்டுகளில் ஏற்றிவைத்த செசியில் பனல் பூட்டாதீர்கள். எஞ்சினும் இருக்கைகளும் ஏறி, நான்கு சில்லுகளும் தரையில் நிற்கும்போதுதான் செசி தன் உண்மையான வடிவத்தில் இருக்கும். ஸ்டாண்டில் நின்றபோது கச்சிதமாகப் பொருந்திய கதவு, கார் தரையிறங்கியதும் உரசத் தொடங்குவது இதனால்தான்.

பனலுக்கும் ஒரு பக்குவம் உண்டு. அச்சிலிருந்து அவசரப்பட்டுக் கழற்றிய பனல் உள்ளுக்குள் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. இறுகும்போது பொலியெஸ்டர் ரெசின் சுருங்கவும் செய்யும். அந்த நிலையில் பனலை வெயிலில் சுவரோடு சாய்த்து வைத்தால் சாய்ந்த வடிவத்திலேயே அது இறுகிப்போகும். அதன் பிறகு செசியில் எப்படிப் பொருந்தும்? அச்சிலேயே போதிய நேரம் விடுங்கள். கழற்றிய பிறகு, காரில் எப்படி நிற்குமோ அப்படியே கீழிருந்து தாங்கல் கொடுத்து நிழலில் வையுங்கள்.

அடுத்தது ஒத்திகைப் பொருத்தம். துளை ஒன்றும் போடாமல் எல்லாப் பனல்களையும் கிளாம்பாலும் ரேப்பாலும் தற்காலிகமாக நிறுத்திப் பார்க்கவேண்டும். தையற்காரர் துணியை வெட்டியதும் இறுதித் தையல் போடுவதில்லை. நூலோட்டிப் போட்டுப் பார்த்துத் திருத்திய பிறகே மெஷினில் வைக்கிறார். இங்கேயும் அந்த ஒழுங்குதான். நடு உடலிலிருந்து தொடங்குங்கள். கதவுகளை அதற்கு ஒத்து நிறுத்துங்கள். பொனெற்றைக் கதவுக்கு ஒத்து நிறுத்துங்கள். மட்கார்ட்களும் மூக்கும் கடைசியில். பனலுக்கும் பனலுக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி வரும்படி 4 அல்லது 5 மில்லிமீற்றர் பிளைவுட் துண்டுகளைச் செருகி வையுங்கள். கதவின் கீல் மட்டும் பைபரில் தொங்கக்கூடாது. அதன் பாரம் நேரே செசியின் இரும்புத் தூணுக்குப் போகவேண்டும்.

எல்லாம் நின்றதும் கவனியுங்கள்: பனலுக்கும் செசித் தாங்கிக்கும் நடுவே ஒரு இடத்தில் 2 மில்லிமீற்றர், இன்னோர் இடத்தில் 7 மில்லிமீற்றர் என்று இடைவெளி இருக்கும். வீட்டில் கட்டிய எந்தச் செசியிலும் இது சாதாரணம். இழுத்துப் பூட்டும் ஆசை வருவதும் இந்த இடத்தில்தான். பனலை இழுத்து இடைவெளியை மூடப் பார்க்காதீர்கள், இடைவெளியை நிரப்புங்கள். சிறிய இடைவெளிக்கு அலுமினியத் துண்டும் றப்பர் வாசரும் போதும். பெரியதென்றால் ரெசினோடு நுண்ணிய நிரப்புத்தூள் கலந்து பசையாக்குங்கள். செசித் தாங்கியின் மேல் ஒட்டாதபடி பொலித்தீன் விரித்து, அதன் மேல் பசையை வைத்து, பனலை அதன் இயல்பான இடத்திலேயே விட்டு, பசை இறுகும்வரை தொடாமல் இருங்கள். இறுகிய பசை அந்த இடைவெளியின் அச்சு அசலான வடிவத்தில் ஒரு இருக்கையாகிவிடும். இனி போல்ட் இறுக்கினாலும் பனல் ஒரு நூலும் வளையாது. என் கணிப்பில் இந்த வேலை முழுவதிலும் பெரிய பலன் தரும் செய்முறை இது. மற்றதெல்லாம் அவசரத்தில் விட்டுப்போனாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

போல்ட் வரும் இடங்களில் பனலை உட்புறமாகத் தடிப்பாக்கவேண்டும். 3 மில்லிமீற்றர் பனலில் இன்னும் மூன்று அடுக்கு 450 மெட் போட்டால் 6 மில்லிமீற்றர் வரும். அடுக்குகளை ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டுங்கள். ஓரம் படிப்படியாக மெலியும். ஒரே அளவாக வெட்டினால் தடிப்பு சட்டென்று முடியும் கோட்டில் விசை குவிந்து, அங்கேதான் வெடிக்கும். போடுமுன் பழைய பரப்பை உப்புத்தாளால் நன்றாக உரசவேண்டும். அச்சிலிருந்து வந்த மெழுகு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புதிய அடுக்குப் பிடிக்காது.

துளை போடும் முறை இது. வெளிப்பக்கத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டி, அதன் மேல் குறியிடுங்கள். ஜெல்கோட் பக்கமிருந்தே துளையுங்கள். உள்ளிருந்து துளைத்தால் வெளியே வரும்போது ஜெல்கோட்டைப் பெயர்த்துக்கொண்டு வரும். முதலில் சிறிய பிட், மெதுவான வேகம், அழுத்தம் வேண்டாம். பெரிய பிட்டை மாட்டியதும் ட்ரில்லை முதலில் எதிர்த்திசையில் சுழற்றி ஜெல்கோட்டை மட்டும் தேய்த்துத் திறந்து, பிறகு நேராகச் சுழற்றுங்கள். விளிம்பிலிருந்து துளையின் நடு, போல்ட் விட்டத்தைப்போல மூன்று மடங்காவது உள்ளே இருக்கட்டும். வெட்டிய விளிம்பையும் துளையின் உட்பக்கத்தையும் ரெசின் தொட்டு அடைத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் இழை வழியே உள்ளே போகாது.

துளையின் அளவு என்ன? 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 8 மில்லிமீற்றர் துளை. ஏன் இரண்டு மில்லிமீற்றர் கூட? கொழும்பு வெயில் அதற்குப் பதில் சொல்லும். கடும் நிறமுள்ள பனல் மதிய வெயிலில் 65, 70 பாகைக்குச் சூடேறலாம். விடியற்காலையில் 25, 26 பாகை. வித்தியாசம் 40 பாகைக்கு மேல். ஒரு மீற்றர் இரும்பு ஒரு பாகை சூட்டுக்கு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் 12 பங்கு நீளும். கையால் போட்ட பைபர் ஏறக்குறைய ஆயிரத்தில் 28 பங்கு. இரண்டு மீற்றர் நீளப் பனலில் 40 பாகைக்கு இரும்பு கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர் நீளும், பைபர் 2.2 மில்லிமீற்றர் நீளும். வெயில் நேரே படாத செசி அவ்வளவு சூடேறாது என்பதால் வித்தியாசம் இன்னும் கூடும். இந்த நீட்சிக்கு இடம் கொடுக்காவிட்டால் பனல் நடுவில் புடைக்கும், இல்லையேல் துளையில் வெடிக்கும். எனவே பனலின் நடுவில் ஒரே ஒரு போல்ட்டை மட்டும் இறுக்கமான துளையில் நிறுத்துங்கள். மற்ற எல்லாம் பெரிய துளையில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீற்றர் அசையும் இடத்தோடு நிற்கட்டும். பனல் நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் தாராளமாக நீண்டு சுருங்கும்.

போல்ட்டின் கீழே சிறிய வாசர் போடாதீர்கள். 25 முதல் 30 மில்லிமீற்றர் அகலமான வாசர், அதன் கீழ் றப்பர் வாசர். நாம் றப்பர் விளைவிக்கிற நாடு. இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். துளைக்குள் சிறிய உலோகக் குழாய்த் துண்டு ஒன்றைச் சிலீவாக வைத்தால் போல்ட்டின் இறுக்கம் சிலீவின் மேல் விழும், பைபர் நசுங்காது. றப்பர் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதிர்வில் கழலாமல் இருக்க நைலோன் பிடியுள்ள நட்டைப் போடுங்கள். தகரத் திருகாணியை நேரே பைபரில் முறுக்கினால் சில மாதத்தில் தளர்ந்து வந்துவிடும். றிவெட் அடிப்பதென்றால் அகலத் தலையுள்ள அலுமினிய றிவெட், பின்பக்கம் வாசரோடு. கடலோரத்தில் ஓடும் காருக்குத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டே நல்லது. செசியும் பைபரும் நேரடியாகத் தொடும் இடமெல்லாம் மெல்லிய றப்பர் பட்டி ஒட்டிவிடுங்கள். கிறீச்சிடும் சத்தமும் நிற்கும், உராய்வும் நிற்கும்.

போல்ட்டுக்குப் பதில் ஒட்டலாமா என்று பலர் கேட்பார்கள். ஒட்டலாம். பஸ்களுக்குக் கண்ணாடி ஒட்டும் வகையான பொலியூரித்தேன் பசை இறுகிய பிறகும் றப்பர் போல நெகிழும். பைபருக்கு ஏற்ற குணம் அது. ஆனால் பசை 3 மில்லிமீற்றர் அளவு தடிப்பாக நிற்கவேண்டும். நன்றாகப் பிடிக்கட்டும் என்று அழுத்திப் பிதுக்கி எடுத்தால் நெகிழ்வதற்குப் பசையே மிஞ்சாது. இங்கேயும் அழுத்தம்தான் எதிரி. ஒட்டியதைக் கழற்றுவது பெரும்பாடு. திருத்த வேலைக்குத் திறக்கவேண்டிய முன்பக்கப் பனல்களை ஒட்டாதீர்கள்.

இன்னும் மூன்று விஷயம் சுருக்கமாக. பைபரில் மின்சாரம் ஓடாது. இரும்பு உடலில் விளக்குக்கு ஒரு வயர் போதும், உடலே எர்த். பைபர் காரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஹோர்னுக்கும் தனி எர்த் வயர் செசிவரை போகவேண்டும். மின்சாரத்தைக் கடத்தாத அதே குணத்தை முதல் கொர்வெட் செய்தவர்கள் நன்மையாக்கினார்கள். வானொலி அன்ரெனாவைப் பின் மூடியின் பைபருக்குள்ளேயே மறைத்து வைத்தார்கள். இரண்டாவது, சாதாரண பொலியெஸ்டர் சைலன்சர் குழாயின் சூட்டைத் தாங்காது, மென்மையாகிவிடும். இடைவெளி விட்டு, நடுவே உலோக மறைப்பு வையுங்கள். மூன்றாவது, இருக்கையும் இருக்கைப் பட்டியும் பைபரில் பூட்டப்படக்கூடாது. அவை செசி இரும்பில் மட்டுமே. இதில் உயிர் இருக்கிறது.

உயிரைப் பற்றிப் பேசும்போது வேலை செய்கிறவரின் உயிரையும் பேசவேண்டும். ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரும், வேகப்படுத்தும் கோபால்ட் திரவமும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்காதீர்கள். ஹார்ட்னர் வழக்கமாக 1 முதல் 2 வீதம். கொழும்புச் சூட்டில் கூடுதலாக ஊற்றினால் பூசி முடிக்குமுன் ரெசின் இறுகி, பாத்திரத்திலேயே புகையத் தொடங்கும். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் மணம் தலைசுற்றலையும் வாந்தியையும் கொடுக்கும். உரசும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலையும் மூச்சையும் வருத்தும். வீடுகள் நெருங்கிய கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இந்த வேலைக்குக் காற்றோட்டமான இடமும் அயலவரின் சம்மதமும் வேண்டும். அடுப்போ விளக்கோ அருகில் இருக்கக்கூடாது. முகமூடியும் கையுறையும் இல்லாமல் வருடக்கணக்காக இந்த வேலை செய்யும் தொழிலாளர்கள் நம் கரைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய முதலாளிமார் இந்தச் சபையில் இருந்தால், கைகூப்பிக் கேட்கிறேன்: வாயுவைத் தடுக்கும் நல்ல முகமூடியை அவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள்.

இவ்வளவும் நம்மால் ஆகுமா என்ற கேள்விக்குக் கோயம்புத்தூரில் ஒரு பதில் இருக்கிறது. சுந்தரம் கரிவரதன் என்ற பொறியாளர், ஓட்டவீரர், மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்ச் செசியில் வைத்து, மேலே பைபர் உடல் பூட்டி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். 1980களின் பிற்பகுதியில் ஃபோர்முலா மாருதி என்ற பெயரில் அவை பந்தயத் திடலுக்கு வந்தன. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அது வாசல் திறந்துவிட்டது. அந்த வகைக் காரில் பந்தயத்தைத் தொடங்கியவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபோர்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியரும் அவரே. கரிவரதன் 1995இல் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் திடலுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. சந்தையில் சாதாரணமாகக் கிடைத்த எஞ்சின், உள்ளூர் வெல்டிங், உள்ளூர் பைபர்: அவரிடம் இருந்த மூலப்பொருள் நம்மிடமும் இருக்கிறது. இங்கேயும் 2013இல் தொடங்கிய வேகா மின்சாரக் கார் முயற்சி காபன் இழை உடலைக் கொழும்பிலேயே செய்யலாம் என்று காட்டியது.

நம்மிடம் குறைவது தொடர்பு. வள்ளம் கட்டுகிறவருக்கு அடுக்குத் தெரியும், கதவு இடைவெளி தெரியாது. ரிங்கர் பாஸுக்கு இடைவெளி தெரியும், ஆனால் இரும்பின் பழக்கத்தில் இழுத்துப் பூட்டுவார். வெல்டருக்குச் செசி தெரியும். மூன்று பேரும் ஒரே கொட்டிலில் நிற்பதில்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இது: ஒரு பழைய செசி, ஒரு அச்சு, ஒரு மாணவர் குழு. மட்டக்குளியிலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ மன்னாரிலிருந்தோ ஒரு படகுக் கலைஞரை அழைத்து மாணவர் முன் நிறுத்துங்கள். அவருக்கு ஆசிரியருக்குரிய மரியாதையும் சம்பளமும் கொடுங்கள்.

கட்டத் தொடங்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் குழாயை வெட்டுமுன் நாரஹேன்பிட்டிக்குப் போய், வீட்டில் கட்டும் வாகனத்தைப் பதிவு செய்ய என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீதியில் ஓட அனுமதியில்லாத காரைக் கட்டி மனம் உடைந்துபோகவேண்டாம். வேலை தொடங்கியதும் ஒரு கொப்பி வையுங்கள். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, ரெசினுக்கு எவ்வளவு ஹார்ட்னர், எந்தத் துளை எத்தனை மில்லிமீற்றர், எங்கே கீறல் விழுந்தது என்று தமிழில் எழுதுங்கள். வெற்றியை மட்டும் எழுதாமல், வெடித்ததையும் எழுதுங்கள். அந்தக் கொப்பியைப் பூட்டி வைக்காமல் அடுத்து கட்டுகிறவர் கையில் கொடுங்கள். இந்தத் தொழில் நம்மிடம் வளர அதைவிட நல்ல முதலீடு வேறில்லை.